தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார்

தோழர்களே! தெருவிலே பாடுகிற மெட்டைக் கோயிலுக்குள் கொண்டுவரலாமா? இந்தக் கேள்வி மிகப் பழையது. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லாரி நார்மன் என்பவர் ராக் இசையில் கிறிஸ்துவைப் பாடி இசைத்தட்டு வெளியிட்டபோது இந்தக் கேள்வி எழுந்தது. 1980களில் ஸ்ட்ரைப்பர் என்னும் குழு மெட்டல் இசையின் முழக்கத்தோடு அதே பொருளைப் பாடியபோது இன்னும் உரக்க எழுந்தது. தஞ்சைச் சீமையிலிருந்து வந்து, விழிஞ்ஞத்தில் அறை எடுத்துத் தங்கி மீனியல் பயிலும் எனக்கு இவ்விசையை அறிமுகம் செய்தவர் என் மலையாள நண்பர் ஒருவர். கேட்டேன், மயங்கினேன். தமிழில் இப்படித் துணிந்தவர் எவருமில்லையா என்று தேடியபோது, என் சொந்தச் சீமையிலேயே அகப்பட்டார் ஒருவர். அவர்தாம் வேதநாயகம் சாஸ்திரியார்.

முன்னாளில் முதலாம் இராசராசனின் படை இந்த விழிஞ்ஞம் வரை வந்தது என்று சரித்திரத்தில் படித்திருக்கிறோம். படையால் வென்ற நாடு கைமாறிப் போயிற்று. அதே தஞ்சையில் பிற்காலத்தில் பிறந்த பாட்டோ தமிழ் வழங்கும் கிறிஸ்தவக் கோயில்களிலெல்லாம் இன்றும் குடியிருக்கிறது.

சாஸ்திரியார் 1774ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ் சிறுவனின் அறிவைக் கண்டு தஞ்சைக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். பின்னாளில் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜியும் அதே ஆசானிடம் பயின்றவர். அரசகுமாரனுக்கும் உபதேசியார் மகனுக்கும் அங்கே நட்பு மலர்ந்தது.

மேற்படிப்பு தரங்கம்பாடியில் நடந்தது. அங்கிருந்த ஆசிரியருள் ஒருவர் டாக்டர் ஜான். அவர் சங்கும் மீனும் சேகரித்து ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பிய இயற்கை ஆய்வாளர். கத்தாளை மீன்களில் ஒரு பேரினத்துக்கு 'ஜானியஸ்' என்று பெயர். வகுப்பில் அதை நெட்டுருப் போட்ட நான், அது சாஸ்திரியாருடைய ஆசிரியரின் பெயர் என்று அறிந்தபோது அடைந்த வியப்பு கொஞ்சமன்று. அந்தப் பள்ளியில் வேதத்தோடு வானநூலும் பூகோளமும் கற்பித்தனர். பயின்று திரும்பிய வேதநாயகம், இருபது வயது நிரம்புமுன்பே தஞ்சையில் ஆசிரியரானார்.

1800ஆம் ஆண்டில் 'பெத்லகேம் குறவஞ்சி' பிறந்தது. குறவஞ்சி என்றால் நமக்குத் தெரியும்: தலைவன் உலா வருவான், தலைவி காதல் கொள்வாள், குறத்தி குறி சொல்வாள், சிங்கன் பறவை பிடிப்பான். ஊரார் கூடி இரசிக்கும் ஆட்டமும் பாட்டும் அது. சாஸ்திரியார் அந்தச் சட்டகத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். தலைவன் பெத்லகேம் நாதர். தலைவி சீயோன் மகளாகிய தேவமோகினி. குறி சொல்பவள் விசுவாசம். அதோடு நின்றாரா? சூரியனை நடுவில் வைத்துக் கோள்கள் சுற்றுகின்ற கோபர்நிக்கஸின் வானநூலையும் அந்த நாடகத்துக்குள்ளே பாட்டாக்கினார்! விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்ல முடியுமா என்று இன்றும் ஐயுறுகின்றவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

ஏற்றம் இறைப்பவன் பாட்டில் 'ஞான ஏற்றப்பாட்டு', பெண்கள் கைகொட்டும் கும்மியில் 'சாஸ்திரக் கும்மி', நொண்டி நாடகத்தில் 'ஞான நொண்டி நாடகம்' என்று உழைப்பவரும் ஆடுபவரும் பாடிய மெட்டுகளையெல்லாம் அவர் விட்டுவைக்கவில்லை. ஜெர்மானிய மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுகளையே பாடிவந்த சபையில் தமிழ்க் கீர்த்தனை ஒலித்தது. 1853இல் மதுரை மிஷனைச் சேர்ந்த வெப் பாதிரியார் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது சாஸ்திரியாரின் பாடல்கள் ஊரூராய்ப் பரவின.

எதிர்ப்பும் வந்தது. 1820களில் தஞ்சைக்கு வந்த புதிய பாதிரிமார் கோயிலில் தமிழ்க் கீர்த்தனை வேண்டாம், திருநாளில் பூ அலங்காரம் வேண்டாம் என்றனர். சாஸ்திரியார் எழுத்திலே போராடினார். இம்மட்டும் அவர் பக்கமே என் மனம் நின்றது.

ஆனால் அந்தப் பாதிரிமார் வேறொன்றும் சொன்னார்கள். கோயிலில் சாதிவாரியாகப் பிரிந்து உட்காரக் கூடாது. நற்கருணையில் முந்துவோர் பிந்துவோர் என்ற பேதம் கூடாது என்றார்கள். வேளாளரான சாஸ்திரியார் அதையும் எதிர்த்தார்; சாதியாசாரத்துக்கு ஆதரவாக நூலே எழுதினார். 1833இல் கல்கத்தா பிஷப்பு டானியல் வில்சன் சபையில் சாதி வேற்றுமை ஒழிய வேண்டுமென்று கட்டளையிட்டபோதும் அவர் இணங்கவில்லை. ஏற்றக்காரனின் மெட்டுக்குக் கோயிற் கதவைத் திறந்தவர், ஏற்றக்காரனுக்குத் தம் பக்கத்தில் இடம் தர மறுத்தார்! அக்காலத்தில் என் குலத்தார் அந்தக் கோயிலில் ஒதுங்கித்தான் உட்கார்ந்திருக்க முடியும். இதை அறிந்த அன்று அவர் பாட்டைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகு சிந்தித்தேன். அந்த மெட்டுகள் சாஸ்திரியாரின் சொத்தா? வயலிலும் களத்திலும் என் குலத்தாரைப் போன்றோர் பாடிப் பாடிப் பண்படுத்தியவை அல்லவா? அவர் அவற்றுக்குப் புதுப்பொருள் தந்தார்; நன்றி. உரியவர்களைத் தள்ளி நிறுத்தினார், அது குற்றம். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே வரலாறு. ஒன்றை மறைத்து மற்றதைச் சொன்னால் அது புகழுரையாகும், அல்லது வசையாகும்.

1798இல் அரசரான சரபோஜி, மதம் வேறாயினும் தம் பள்ளித் தோழரை ஆதரித்து மானியம் அளித்து வந்தார். 1832இல் மன்னர் மறைந்தார். கவிராயரோ நெடுநாள் வாழ்ந்து, 1864ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள், தொண்ணூறை நெருங்கும் வயதில் தஞ்சையில் காலமானார். அவர் வழித்தோன்றல்கள் பாட்டு மரபைக் கைவிடாமல் காத்தனர்.

தோழர்களே! புதிய இசை எதுவாயினும் அஞ்சாமல் கேளுங்கள். அதில் தமிழைப் பாடவும் துணியுங்கள். ஆனால் ஒன்றை மறவாதீர்கள். எவருடைய மெட்டை எடுக்கிறோமோ அவரை முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டுப் பாடத் தொடங்குவோம்.