சோடா கடை வருவாயில் எழுந்த கல்லூரி

சென்ற கோடை விடுமுறையில், கோட்டக்குப்பத்தில் எங்கள் தெருவில் மிதிவண்டி ஓட்டிய பேரன் தவறி விழுந்தான். மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு வெளியே வந்துவிட்டது. அதை எடுத்துச் சோப்பு போட்டுத் தேய்த்து, காகிதத்தில் மடித்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடினேன். வேரைத் தேய்த்ததும், உலர விட்டதும் பெரும் பிழை என்று அங்கே அறிந்தேன். பல்லாண்டு காலம் பொருளாதாரம் கற்பித்த எனக்கு இந்த எளிய செய்தி தெரிந்திருக்கவில்லை.

அந்தக் குற்ற உணர்வே இந்தியப் பல் மருத்துவக் கல்வியின் தந்தை எனப் போற்றப்படும் டாக்டர் ரஃபியுதீன் அகமதுவின் வாழ்வைப் படிக்கத் தூண்டியது.

1890 டிசம்பர் 24-இல் கிழக்கு வங்கத்தில் பிறந்த அவர், அலிகரில் பயின்று, 1909-இல் அமெரிக்கா சென்றார். அயோவா பல்கலைக்கழகத்தில் 1915-இல் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் பாஸ்டன் நகரில், குழந்தைகளுக்கான ஃபோர்சைத் பல் மருத்துவமனையில் பணியாற்றினார். முதல் உலகப் போர் நடந்த காலம் அது. அதே பாஸ்டனிலிருந்து போர்க்களம் சென்ற கசாஞ்சியன் போன்ற பல் மருத்துவர்கள், சிதைந்த தாடைகளைச் சீரமைக்கும் கலையைக் காயம்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை அளித்தே கற்றனர்.

1919-இல் தாயகம் திரும்பிய அகமது, மறு ஆண்டே கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அதற்கான பணம் 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்ற அவரது குளிர்பானக் கடையின் வருவாயிலிருந்து வந்தது. பற்களைக் கெடுக்கும் இனிப்பிலிருந்தே பற்களைக் காக்கும் கல்விக்கு மூலதனம் கிடைத்தது சுவையான முரண். ஜின்னாவின் தங்கை பாத்திமா அக்கல்லூரியில் பயின்றவர்.

1925-இல் பல் மருத்துவ இதழ் ஒன்றைத் தொடங்கினார். செய்முறைப் பல் மருத்துவம் குறித்து மாணவர்களுக்கான கையேட்டை 1928-இல் வெளியிட்டார். 1939-இல் வங்கத்தில் பல் மருத்துவர் சட்டம் வந்தது. 1948-இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. மறு ஆண்டு தம் கல்லூரியை அரசிடமே ஒப்படைத்தார். மேற்கு வங்க அமைச்சராகவும் பணியாற்றிய அவருக்கு 1964-இல் பத்மபூஷண் வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு மறைந்தார். அவர் பிறந்த நாளே தேசியப் பல் மருத்துவர் நாள்.

செய்து பழகுவதால் திறன் பெருகுகிறது என்பதைப் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1962-இல் கோட்பாடாக வகுத்தார். அகமதுவோ அதை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நடைமுறையாக்கிவிட்டார். சென்னையில் 1953-இல் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவக் கல்வி தொடங்கியபோது, அவர் வகுத்த பாதை ஆயத்தமாக இருந்தது.

ஆனால், அந்தப் பாதை கல்லூரி வாயிலோடு நின்றுவிடலாகாது. விழுந்த நிலைப்பல்லின் வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுத்து, தூசு இருந்தால் சில நொடிகள் நீரில் அலசி, குழியிலேயே பொருத்த வேண்டும். இயலாவிட்டால் பாலில் இட்டு, ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவரை அடைய வேண்டும். பால்பல்லை மட்டும் மீண்டும் பொருத்தக் கூடாது. இவ்வளவுதான் பாடம். பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு மாதிரிப் பல்லைக் கொடுத்துச் செய்துபார்க்கச் சொன்னால், அரை நாளில் கைவந்துவிடும்.

ஆண்டுதோறும் டிசம்பர் 24-இல் ஒவ்வொரு பல் மருத்துவக் கல்லூரியும் அருகிலுள்ள பத்துப் பள்ளிகளின் ஆசிரியர்களை அழைத்து இப்பயிற்சியை அளிக்கலாம். இனிப்புக் கடை லாபத்தில் கல்லூரி கட்டியவருக்கு அதைவிடச் சிறந்த அஞ்சலி இல்லை. என் பேரனின் சிரிப்பில் உள்ள இடைவெளியும் அதையே எனக்கு நினைவூட்டுகிறது.