ஹீலியமும் வத்திராயிருப்புக்காரரும்

இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்தவர் விஞ்ஞானி கே.எஸ்.கிருஷ்ணன். கல்கத்தாவில் 1928-ல் ராமனோடு ஒளிச்சிதறலை ஆராய்ந்தார். நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. அதையே பேசுகிறோம், டில்லியில் அவர் செய்ததைப் பேசுவாரில்லை.

பாதரசத்தை மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்வித்தால் மின்தடை அடியோடு மறைந்துவிடும். ஹாலந்து நாட்டில் 1911-ல் கண்ட அதிசயம் இது, மீக்கடத்தல் என்பார்கள். அந்தக் குளிருக்குத் திரவ ஹீலியம் வேண்டும். நம் நாட்டில் அது ஏது?

தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் டைரக்டரான கிருஷ்ணன், 1952-ல் அங்கே ஹீலியத்தைத் திரவமாக்கும் யந்திரத்தை ஓடவைத்தார். அந்த ஆராய்ச்சிக்காகக் கப்பலேற வேண்டிய அவசியம் நம் பிள்ளைகளுக்குக் குறைந்தது.

1961-ல் கிருஷ்ணன் காலமானார். மின்சாரமே ஓடாத வைரத்தில் போரானைக் கலந்தால், அதுவும் ஹீலியக் குளிரில் மின்தடையை இழக்கும் என்பது 2004-ல்தான் தெரியவந்தது.