உலகுக்கு ஒளி தந்த நிக்கோலா டெஸ்லா

சுவரிலுள்ள பொத்தானை அழுத்துகிறோம். விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது. இந்த ஒளியும் காற்றும் நம் இல்லம் வந்து சேர வழி வகுத்தவர்கள் யார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எடிசனின் பெயரை நாம் எல்லோரும் அறிவோம். அவருடைய தொழிற்சாலையிலேயே சில மாதங்கள் வேலை பார்த்த மற்றொரு மேதையை நம்மில் பலர் அறியோம். அவர்தாம் நிக்கோலா டெஸ்லா. 2020-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் நாள், பிரிட்டனின் பி.பி.சி. தொலைக்காட்சியில் 'டாக்டர் ஹூ' என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடரின் ஒரு பகுதி, இவரையே கதைத்தலைவராகக் கொண்டு ஒளிபரப்பாயிற்று. அக்கதையின் அருமையை உணர வேண்டுமானால், முதலில் அம்மனிதரின் வாழ்க்கையை நாம் அறிய வேண்டும்.

1856-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள், ஸ்மில்யான் என்ற சிற்றூரில் டெஸ்லா பிறந்தார். அன்று ஆஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த அவ்வூர் இன்று குரோஷியா நாட்டில் உள்ளது. செர்பிய இனத்தவரான தந்தை மிலுட்டின், ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் குரு. அத்திருச்சபையின் மரபுப்படி இல்லறத்தில் இருந்தவர். தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும், நீண்ட செர்பிய வீரகாவியங்களை மனப்பாடமாகச் சொல்லுவார். வீட்டு வேலைக்கு வேண்டிய கருவிகளைத் தம் கையாலேயே செய்துகொள்ளுவார். தமது நினைவாற்றலும் கண்டுபிடிப்புத் திறனும் தாயிடமிருந்து வந்தவை என்றே டெஸ்லா வாழ்நாள் முழுவதும் நம்பினார்.

மகனும் தம்மைப் போலவே குருவாக வேண்டுமென்பது தந்தையின் ஆவல். மகனின் மனமோ இயந்திரங்களை நாடியது. 1873-இல் காலரா நோய் கண்டு பல மாதங்கள் படுக்கையில் கிடந்த இளைஞர், தாம் பிழைத்தால் பொறியியல் படிக்க அனுப்ப வேண்டுமென்று தந்தையிடம் வேண்டினார். தந்தையும் இசைந்தார். மகன் பிழைத்தார்!

கிராஸ் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் ஒருநாள் ஆசிரியர் டைனமோ ஒன்றை இயக்கிக் காட்டினார். அதன் தூரிகைகளில் தீப்பொறி பறந்தது. அந்தத் தூரிகைகள் இல்லாமலே மோட்டாரை இயக்க முடியாதா என்று டெஸ்லா கேட்டார். அது ஒருக்காலும் நடவாது என்று ஆசிரியர் வகுப்பிலேயே விளக்கிவிட்டார். டெஸ்லா பட்டம் பெறாமலேயே கல்லூரியை விட்டார். கேள்வியை மட்டும் விடவில்லை. 1882-இல் புடாபெஸ்ட் நகரப் பூங்காவில் நண்பருடன் உலாவிக்கொண்டிருந்தபோது விடை மின்னலெனத் தோன்றியது. ஒரு குச்சியை எடுத்து மண்ணிலேயே படம் வரைந்து காட்டினார். அதுவே சுழலும் காந்தப்புலம். மாறுதிசை மின்னோட்டத்தைக் கொண்டு காந்தப்புலத்தைச் சுழலச் செய்தால், தூரிகையும் தீப்பொறியும் இன்றியே மோட்டார் தானாகச் சுழலும்.

இதன் பயன் எத்தகையது? அந்நாளில் எடிசன் வழங்கிய நேர்திசை மின்சாரம், நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தொலைவுக்குள்ளேயே பயன்பட்டது. மாறுதிசை மின்சாரத்தின் அழுத்தத்தையோ மின்மாற்றியால் எளிதில் கூட்டலாம், குறைக்கலாம். அழுத்தத்தைப் பத்து மடங்காக்கினால், அதே திறனை அனுப்பப் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டமே போதும். கம்பியில் வெப்பமாக வீணாவது நூற்றில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே அருவிக் கரையில் பிறக்கும் மின்சாரம் தொலைதூர ஊர்களுக்கும் செல்ல முடிந்தது.

1884-இல் டெஸ்லா நியூயார்க் சென்று எடிசனிடம் வேலையில் சேர்ந்தார். சில மாதங்களில் விலகினார். பிறகு, வயிற்றுப்பாட்டுக்காகக் கூலிக்குப் பள்ளம் தோண்டும் நிலையும் வந்தது. 1888-இல் மாறுதிசை மோட்டாருக்குக் காப்புரிமை பெற்றார். வெஸ்டிங்ஹவுஸ் என்னும் தொழிலதிபர் அதனை வாங்கினார். 1893-இல் சிகாகோ உலகப் பொருட்காட்சி மாறுதிசை மின்சாரத்தால் ஒளிர்ந்தது. 1896 நவம்பரில் நயாகரா அருவியின் மின்சாரம் பஃபலோ நகரை எட்டியது. இடையில் வெஸ்டிங்ஹவுஸ் பணமுடையால் தவித்தபோது, தமக்கு வரவேண்டிய உரிமைத் தொகையை டெஸ்லா விட்டுக்கொடுத்தார். அத்தொகை இருந்திருந்தால் அவர் பெருஞ்செல்வராக வாழ்ந்திருக்கலாம்.

துன்பங்களும் தொடர்ந்தன. 1892-இல் லண்டனிலும் பாரிஸிலும் புகழ்பெற்ற சொற்பொழிவுகளை நிகழ்த்திவிட்டு, நோயுற்ற தாயைக் காண விரைந்தார். தாயார் விரைவிலேயே கண்மூடினார். 1895 மார்ச்சில் அவருடைய ஆய்வுக்கூடம் தீக்கிரையாயிற்று. மீண்டும் தொடங்கினார். 1898-இல் கம்பியின்றி இயங்கும் சிறு படகொன்றை மக்கள் முன் ஓட்டிக் காட்டினார். 1899-இல் கொலராடோவில் ஆய்வு செய்தபோது கருவியில் விந்தையான ஒலிகள் கேட்டன. அவை வேற்றுக் கிரகத்தின் செய்தியாக இருக்கலாமென்று எண்ணினார்.

1901-இல் லாங் தீவில், வார்டன்கிளிஃப் என்னுமிடத்தில் மாபெரும் கோபுரம் ஒன்றை எழுப்பத் தொடங்கினார். உலகெங்கும் கம்பியின்றிச் செய்தியும், பின்னர் மின்சாரமும் அனுப்புவது அவர் கனவு. மோர்கன் என்ற செல்வர் 1,50,000 டாலர் கொடுத்தார். ஆனால், அதே ஆண்டு டிசம்பரில் மார்க்கோனி எளிய கருவிகளைக் கொண்டே அட்லாண்டிக்கைக் கடந்து செய்தி அனுப்பிவிட்டார். மேற்கொண்டு மோர்கனிடமிருந்து பணம் வரவில்லை.

தொலைக்காட்சிக் கதை இங்கேதான் தொடங்குகிறது. காலத்தைக் கடந்து பயணம் செய்யும் டாக்டர், இக்கதையில் ஒரு பெண். அவர் தம் தோழர்களுடன் 1903-ஆம் ஆண்டின் நியூயார்க்குக்கு வருகிறார். தேளைப் போன்ற வேற்றுலக உயிர்கள், பிறரிடம் திருடிச் சேர்த்த பொருள்களைக் கொண்டே வாழ்பவை. பழுதான தங்கள் விண்கலத்தைச் சீர்படுத்த டெஸ்லாவைக் கவர்ந்துசெல்ல முயலுகின்றன. எடிசனும் இந்த ஆபத்தில் சிக்கிக்கொள்கிறார். முடிவில், வார்டன்கிளிஃப் கோபுரத்திலிருந்து பாய்ந்த மின்னல் விண்கலத்தைத் தாக்க, பகைவர் ஓடுகின்றனர். குரோஷியாவில் பிறந்த நடிகர் கோரன் விஷ்னிச் டெஸ்லாவாக நடித்தார்.

வாழ்வில் பயன்படாமற்போன கோபுரம் கதையில் உலகையே காக்கிறது! இனி டெஸ்லாவின் வாழ்வு மாறிவிடுமா என்று டாக்டரின் தோழி ஆவலுடன் கேட்கிறாள். மாறாது என்பதே விடை. கற்பனைக் கதைதானே, அவருக்குச் செல்வமும் புகழும் அள்ளிக் கொடுத்திருக்கலாம். ஆனால் கதையாசிரியர் அவ்வாறு செய்யவில்லை. நடந்ததை நடந்தவாறே விட்டதுதான் டெஸ்லாவுக்குச் செய்த மரியாதை என்று நமக்குத் தோன்றுகிறது.

உண்மையில் நடந்தது இதுவே. 1917-இல் கோபுரம் இடித்து விற்கப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்க மின்பொறியாளர் கழகம் அவருக்குப் பதக்கம் வழங்கியது. அதன் பெயர் எடிசன் பதக்கம்! திருமணம் செய்யாத டெஸ்லா விடுதி விடுதியாக மாறி வாழ்ந்தார். பூங்காப் புறாக்களுக்குத் தீனி போட்டார். 1934 முதல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் அவருடைய விடுதி வாடகையைச் செலுத்தியது. 1943 ஜனவரி 7-ஆம் நாள், தமது 86-ஆம் வயதில், நியூயார்க்கர் விடுதியறையில் தனிமையில் உயிர் நீத்தார்.

அவரிடம் குறைகளும் இருந்தன. வரவு செலவில் கருத்தில்லை. முடியாத வேலையை முடிந்ததாக அறிவிக்கும் அவசரமும் உண்டு. உலகெங்கும் கம்பியின்றி மின்சாரம் என்ற திட்டமும் அவர் எண்ணிய முறையில் நிறைவேறக்கூடியதன்று. ஆனால் புடாபெஸ்ட் பூங்காவின் மண்ணில் வரைந்த படம் இன்றும் நம் வீட்டு விசிறியிலும், கிணற்று நீரை இறைக்கும் மோட்டாரிலும் சுழன்றுகொண்டிருக்கிறது. 1960-இல் காந்தப்புலச் செறிவின் அலகுக்கு டெஸ்லா என்று பெயரிட்டார்கள். மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவிகளின் ஆற்றலை 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா என்றே குறிக்கிறார்கள். 2013-இல் வார்டன்கிளிஃப் நிலம் பொதுமக்கள் அளித்த நன்கொடையால் மீட்கப்பட்டது.

மாணவியராகிய நாம் மதிப்பெண்ணும் பரிசும் கிடைக்காதபோது சோர்ந்துவிடுகிறோம். பாராட்டு கிடைப்பது நம் கையில் இல்லை. கேட்ட கேள்வியை விடாமல் பற்றிக்கொள்வது நம் கையில்தான் உள்ளது. எழுத்தறியாத அந்தத் தாயின் கைத்திறன், ஓர் உலகத்துக்கே ஒளியாக மலர்ந்தது. நம் இல்லங்களிலும் பேரறியப்படாமல் உழைக்கும் தாய்மாருண்டு. அவர்களிடமிருந்து நாம் பெற்றதை நாடு பயனுற வளர்ப்போமாக!