திரை மறைத்த முதல் நாயகி

நுழையும்முன்
திரையில் யார் தோன்றலாம், யாராகத் தோன்றலாம் என்பதைக் கலைத்திறனே முடிவு செய்ய வேண்டும். பிறப்பை அளவுகோலாகக் கொண்டு அதனை முடிவு செய்த காலமும் இருந்தது. மலையாளத் திரையுலகின் முதல் நாயகி பி. கே. ரோசி, அக்கொடுமைக்கு இலக்கானவர். நாகர்கோவிலில் ராஜம்மாள் என்னும் பெயரில் வாழ்ந்து மறைந்த அவரது வரலாற்றை அறிவோம்.

புல்லறுத்த கைகள்
திருவனந்தபுரத்தில் 1903ஆம் ஆண்டு, புலையர் சமூகத்தில், வறுமை மிக்க குடும்பத்தில் பிறந்தவர் ரோசி. ராஜம்மா என்பது அவரது இயற்பெயர். இளமையிலேயே தந்தையை இழந்தமையால், புல்லறுத்து விற்றும் கூலிவேலை செய்தும் குடும்பத்தைத் தாங்கினார். உழைப்பிற்கிடையே கலையார்வமும் வளர்ந்தது. தமிழும் மலையாளமும் கலந்து நிகழ்த்தப்பெறும் காக்காரிசி நாடகத்தை அவர் கற்றுத் தேர்ந்தார். சிவனும் பார்வதியும் நாடோடிகளாக மண்ணுலகிற்கு வருவதாக அமைந்த அந்நாட்டார் கலையில் பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்பது வழக்கம். அம்மேடையில் துணிந்து ஏறிய பெண்களுள் ரோசி முன்னவர்.

அகத்தீஸ்வரத்துக் கனவு
இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் அகத்தீஸ்வரத்தைச் சேர்ந்தவர் ஜே. சி. டேனியல். அப்பகுதி அந்நாளில் திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தது. திரைக்கலையின்மீது தணியாத வேட்கை கொண்டிருந்த டேனியல், தம் நிலங்களை விற்றுத் திருவனந்தபுரத்தில் ‘திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’ என்னும் படப்பிடிப்பு நிலையத்தை நிறுவினார். இந்தியப் படங்களுள் பல புராணக் கதைகளை நாடிய 1920களில், அவர் சமூகக் கதையொன்றைத் தேர்ந்தெடுத்தார். ‘விகதகுமாரன்’ என்னும் அம்மௌனப் படத்தில் அவரே நாயகனாகவும் நடித்தார்.

நாயகியைத் தேடுவதுதான் அரிதாயிற்று. பெண்கள் நடிப்பதை இழிவெனக் கருதிய காலம் அது. பம்பாயிலிருந்து நடிகை ஒருவரை வரவழைக்க மேற்கொண்ட முயற்சியும் பயன்தரவில்லை. அந்நிலையில் நாடக மேடையில் ரோசியின் திறமையைக் கண்ட டேனியல், அவரையே நாயகியாக்கினார். சரோஜினி என்னும் நாயர் குலப் பெண்ணாக நடித்தார் ரோசி. உடனிருந்து உண்ணவும் உரிமையற்றிருந்த ஒரு சமூகத்தின் மகள், உயர்குலப் பெண்ணாகத் திரையில் தோன்றினார். அவர் வாழ்வின் பெருமையும் துயரமும் இவ்விடத்திலேயே தொடங்கின.

கிழிந்த திரை
திருவனந்தபுரம் கேப்பிட்டல் திரையரங்கில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. தாம் நடித்த படத்தைப் பிறரோடு அமர்ந்து காணும் பேறு அதன் நாயகிக்குக் கிட்டவில்லை. திரையில் அவரைக் கண்ட ஆதிக்கச் சாதியினர் வெகுண்டெழுந்தனர். நாயகியின் கூந்தலில் இருந்த மலரை நாயகன் எடுத்து முத்தமிடும் காட்சியில் அச்சினம் எல்லை கடந்தது. கற்கள் பறந்தன, திரை கிழிந்தது. சில நாள்களில் ரோசியின் குடிசையும் தீக்கிரையானது.

உயிர் பிழைக்க ஊரைவிட்டு ஓடிய ரோசி, சரக்குந்து ஒன்றில் ஏறி நாகர்கோவிலை அடைந்தார். அவ்வண்டியின் ஓட்டுநர் கேசவபிள்ளையையே மணந்து, ராஜம்மாள் என்னும் பெயரில் இல்லறம் நடத்தினார். அதன்பின் அவர் நடிக்கவேயில்லை. தம் கடந்த காலத்தைப் பற்றி வெளிப்படப் பேசவுமில்லை. 1988ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது, ஒரு திரையுலகின் முதல் நாயகி மறைந்தார் என்பதை உலகம் அறியவில்லை. பொருளை எல்லாம் இழந்த டேனியலும் மீண்டும் கதைப்படம் எடுக்கவில்லை. பல் மருத்துவராகப் பணிபுரிந்து, 1975ஆம் ஆண்டு அகத்தீஸ்வரத்தில் காலமானார்.

கடலுக்கு அப்பால்
இத்தகைய ஒதுக்குதல் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. 1939ஆம் ஆண்டு ‘கான் வித் த விண்ட்’ என்னும் அமெரிக்கப் படம் அட்லாண்டா நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது, அதில் நடித்த கறுப்பினக் கலைஞர் ஹேட்டி மெக்டேனியலால் அவ்விழாவில் கலந்துகொள்ள இயலவில்லை. அங்கு நடைமுறையில் இருந்த நிறவெறிச் சட்டங்கள் தடுத்தன. மறு ஆண்டு அப்படத்திற்காகவே ஆஸ்கர் விருதை வென்ற முதல் கறுப்பினத்தவர் என்னும் பெருமையை அவர் பெற்றார். அவ்விழாவிலும் அவருக்குத் தனி மேசையே ஒதுக்கப்பட்டது.

இருவர் நிலையிலும் நுட்பமான வேறுபாடு ஒன்றுண்டு. பணிப்பெண் வேடங்களுக்குள்ளேயே அடைக்கப்பட்டவர் மெக்டேனியல். தமக்கு விதிக்கப்பட்ட வேடத்தைத் தாண்டி நடித்தமையால் துரத்தப்பட்டவர் ரோசி. அடைப்பதும் துரத்துவதும் ஒரே எண்ணத்தின் இரு வடிவங்களாகும். இதனால் இழப்பு கலைஞருக்கு மட்டுமன்று, கலைக்கும் நேர்கிறது. மெக்டேனியலுக்குப் பின் மற்றொரு கறுப்பின நடிகை ஆஸ்கர் பெற 1991வரை காத்திருக்க நேர்ந்தது. ரோசியோ ஒரே படத்தோடு நிறுத்தப்பட்டார்; அப்படத்தின் படச்சுருளும் இன்று இல்லை. அவர் எத்தகைய நடிகை என்று மதிப்பிடும் வாய்ப்பையே நாம் இழந்துவிட்டோம்.

மீண்ட பெயர்
ஆய்வாளர்களும் எழுத்தாளர்களும் தேடியெடுத்ததால் ரோசியின் பெயர் மீண்டது. 2013ஆம் ஆண்டு வெளிவந்த ‘செல்லுலாயிட்’ என்னும் மலையாளத் திரைப்படம், டேனியலின் வாழ்வோடு ரோசியின் வாழ்வையும் மக்களிடம் கொண்டுசேர்த்தது. கேரளப் பெண் திரைக்கலைஞர்கள் தாம் தொடங்கிய திரைப்படச் சங்கத்திற்கு அவர் பெயரைச் சூட்டினர். சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரால் திரைப்பட விழா நடத்துகிறது. 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள், கூகுள் நிறுவனம் தன் முகப்பில் அவர் உருவத்தை வரைந்து பிறந்தநாளைச் சிறப்பித்தது.

முதல் காட்சியில் இடம் மறுக்கப்பட்டவரின் பெயரால் இன்று அரங்குகளில் படங்கள் திரையிடப்படுகின்றன. ஆயினும், அவர் நடித்திருக்கக்கூடிய படங்கள் இனி ஒருபோதும் வரப்போவதில்லை. திறமையுள்ள எவரும் பிறப்பின் காரணமாக மேடைக்கு வெளியே நிறுத்தப்படாத நிலையை உருவாக்குவதே, ரோசிக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.