காற்றை விளக்காக்கிய ஆசிரியர்

டென்மார்க்கில் 1846ஆம் ஆண்டு பிறந்த போல் லா கூர், வானிலை ஆய்வு நிலையத்தில் வகித்த உயர்பதவியை விட்டு, 1878இல் அஸ்கோவ் என்னுஞ் சிற்றூரின் மக்கள் உயர்பள்ளியில் ஆசிரியரானார். நகரங்கள் மின்னொளி பெற, கிராமங்கள் இருளிற் கிடத்தலாகாது என்பதே அவரது கவலை. 1891இல் அரச உதவியுடன் அவ்வூரில் காற்றாலையொன்றை நிறுவி மின்சாரம் பிறப்பித்தார்.

காற்று ஓய்ந்தால் என் செய்வது? அம்மின்சாரத்தால் நீரைப் பகுத்து, ஐதரசனையும் ஒட்சிசனையும் கொள்கலன்களிற் சேமித்து, 1895 முதல் பள்ளியில் விளக்கேற்றினார். வாயு வெடித்துச் சாளரக் கண்ணாடிகள் நொறுங்கியதும் உண்டு. மாணவர் உள்ளூர மகிழ்ந்திருப்பர்! காற்றுச் சுரங்கம் அமைத்து ஆராய்ந்து, மெல்லச் சுழலும் பல அலகுகளினும் விரைந்து சுழலும் சில அலகுகளே சிறந்தவையெனக் கண்டார். 1904இல் நாட்டுப்புற இளைஞருக்கு மின்தொழில் பயிற்றத் தொடங்கினார், 1908இல் மறைந்தார். அவரிடம் பயின்ற யொகான்னஸ் யூல், 1957இல் கெட்சரில் 200 கிலோவாற்று வலுவுள்ள மூன்றலகுக் காற்றாலையை எழுப்பினார்.