குடும்பத்தைத் தாங்கிய பேனா

ஆலங்குளத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அக்கா தீப்பெட்டி ஒட்டிய கூலியில்தான் நான் கல்லூரிப் படியேறினேன். அதனால்தானோ என்னவோ, லூயிசா மே ஆல்காட்டின் வரலாறு என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

1832-இல் அமெரிக்காவில் பிறந்த அவர், நான்கு சகோதரியருள் இரண்டாமவர். தந்தை இலட்சியவாதி, அவர் கையில் காசு நில்லாது. ஆகவே மகள் துணி தைத்தார். பாடம் சொல்லிக் கொடுத்தார். வீட்டு வேலைக்கும் போனார். 1858-இல் தங்கை எலிசபெத்தைப் பறிகொடுத்தார். உள்நாட்டுப் போரில் தாதியாகச் சென்று டைபாய்டு காய்ச்சலோடு திரும்பினார்.

பெண்பிள்ளைகளுக்கு ஒரு கதை வேண்டுமெனப் பதிப்பாளர் கேட்க, மனமில்லாமலேதான் எழுத உட்கார்ந்தார். தம் வீட்டையே எழுதினார். 1868-இல் 'லிட்டில் விமன்' வெளிவந்தது. குடும்பக் கடன் தீர்ந்தது. மறைந்த தங்கை அதில் 'பெத்' என்ற பெயரில் இன்றும் வாழ்கிறாள். கதாநாயகி ஜோவுக்கு மணம் முடித்து வைத்த ஆசிரியை, தாம் மணம் செய்துகொள்ளவில்லை. கடைசித் தங்கை 1879-இல் மறைந்தபின் அவள் குழந்தையையும் வளர்த்தார். 1888-இல், தந்தை இறந்த இரண்டாம் நாள் கண்மூடினார்.

ஒருவர் உயர, வீட்டில் ஒருவர் தேய்கிறார். தோழியரே, பட்டம் பெறும் நாளில் அந்த ஒருவரை மறவாதிருப்போம்!