இரவல் குரலில் வாழ்ந்த கலைஞர்

பல்கலைக்கழகக் கலை விழாக்களில் பலகுரல் அங்கம் என்றாலே மண்டபம் களைகட்டிவிடும். நடிகர் திலகத்தின் குரல் வந்தால் ஒரு கைத்தட்டல். சூப்பர் ஸ்டாரின் குரல் வந்தால் இரண்டு மடங்கு கைத்தட்டல்! ஆனால், மேடையில் நிற்பவரின் சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்று நாம் யோசித்ததுண்டா? சொந்தக் குரலைக் கேட்க எவரும் முன்வராத ஓர் அமெரிக்கக் கலைஞரின் கதை இது. அவர் பெயர் வான் மீடர்.

மீடர் 1936ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்திலுள்ள வாட்டர்வில் நகரில் பிறந்தார். அவர் குழந்தையாக இருந்தபோதே தந்தை நீரில் மூழ்கி இறந்தார். தாய் பிழைப்புத் தேடிப் பாஸ்டனுக்குச் சென்றார். மகன் உறவினர் வீடுகளிலும் சிறுவர் இல்லங்களிலும் வளர்ந்தார். பின்னர் இராணுவத்தில் சேர்ந்து ஜெர்மனியில் பணியாற்றியபோது, நண்பர்களோடு ஓர் இசைக்குழு அமைத்தார். பியானோ வாசிப்பதும் பாடுவதுமே அவர் முதலில் விரும்பிய கலை.

நாடு திரும்பியவர் நியூயார்க் இரவு விடுதிகளில் வாய்ப்புத் தேடினார். 1961இல் ஜான் கென்னடி அதிபரானார். கென்னடியின் பாஸ்டன் உச்சரிப்பு மேய்ன் மாநிலத்துக்காரருக்கு அந்நியமானதன்று. மீடர் விளையாட்டாக அக்குரலில் பேசிப் பார்த்தார், கூட்டம் சிரித்தது. முக அமைப்பும் ஓரளவு பொருந்தியது. விரைவிலேயே தொலைக்காட்சி அவரை அழைத்தது.

1962இல் பாப் புக்கர், ஏர்ல் டௌட் என்ற இருவர், அதிபர் குடும்பத்தைப் பற்றிய நகைச்சுவை இசைத்தட்டு ஒன்றைத் தயாரிக்க முனைந்தனர். அக்காலத்தில் இது துணிச்சலான காரியம். பல நிறுவனங்கள் மறுத்தன. முன்னாள் அதிபர் ஐசன்ஹோவரின் பத்திரிகைச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் ஹேகர்ட்டி, இது அதிபர் பதவிக்கே இழுக்கு என்று கருதினார். கடைசியில் கேடன்ஸ் என்ற நிறுவனம் துணிந்தது. அக்டோபர் 22ஆம் நாள் இரவு, பார்வையாளர் முன்னிலையில் ஒலிப்பதிவு நடந்தது. அதே இரவில்தான் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதைக் கென்னடி நாட்டுக்கு அறிவித்தார். செய்தி அறியாத பார்வையாளர்கள் மனம்விட்டுச் சிரித்தனர். உலகம் அணுப் போரின் விளிம்பில் நின்றபோது பதிவான சிரிப்பு அது!

‘தி ஃபர்ஸ்ட் ஃபேமிலி’ என்ற அந்த இசைத்தட்டு இரண்டே வாரங்களில் பத்து இலட்சம் விற்றது. மொத்த விற்பனை 75 இலட்சத்தை எட்டியதாகச் சொல்வர். 1963இல் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருதும் கிடைத்தது. அதன் நகைச்சுவை எவரையும் குத்தவில்லை. பிள்ளைகளின் குளியல் பொம்மைகளை அதிபர் அரசாங்க விவகாரம்போல் பங்கிட்டு, ரப்பர் அன்னத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். கென்னடியும் இரசித்தார். குரல் தம்முடையதைவிடத் தம்பி டெட்டியின் குரலைப் போலிருக்கிறது என்று செய்தியாளர்களிடம் வேடிக்கையாகச் சொன்னார்.

1963 நவம்பர் 22ஆம் நாள் கென்னடி டல்லாஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். மில்வாக்கி நகரில் வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் அதைப் பற்றிக் கேட்டபோது, மீடர் அதை நகைச்சுவைத் துணுக்கின் தொடக்கம் என்றே எண்ணினாராம். அன்றோடு எல்லாம் முடிந்தது. இசைத்தட்டுகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. நிகழ்ச்சிகள் இரத்தாயின. அப்போது அவருக்கு வயது 27.

அவர் சும்மா இருக்கவில்லை. கென்னடியின் குரல் இல்லாமலே புதிய நகைச்சுவைத் தொகுப்பு வெளியிட்டார். எடுபடவில்லை. அவர் முகத்தைக் கண்டாலே மக்களுக்கு இறந்தவரின் நினைவு வந்தது. மதுவும் போதையும் அவரை வாட்டின. சேர்த்த பணம் கரைந்தது. பிறகு மேய்ன் மாநிலத்துக்கே திரும்பி, ஆபட் என்ற தம் முதற்பெயரோடு சிறிய விடுதிகளில் பியானோ வாசித்துப் பாடினார். 2004 அக்டோபர் 29ஆம் நாள், 68ஆம் வயதில் காலமானார்.

மீடரை வீழ்த்தியது ஒரு துப்பாக்கிக் குண்டு மட்டும்தானா? மக்களின் இரசனையும் மாறிக்கொண்டிருந்தது. வியட்நாம் போரும், 1974இல் அதிபர் நிக்சனைப் பதவி விலகவைத்த வாட்டர்கேட் ஊழலும் அமெரிக்கரின் நம்பிக்கையைக் குலைத்தன. 1975இல் தொடங்கிய ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில், செவி சேஸ் அதிபர் ஃபோர்டாக நடித்தார். குரலையும் ஒப்பனையையும் பற்றி அவர் கவலைப்படவே இல்லை. இடறி விழுந்தே அதிபரைக் கேலி செய்தார். அன்பாகப் பார்த்துச் சிரித்த காலம் போய், தலைவரின் மதிப்பைப் பதம்பார்த்துச் சிரிக்கும் காலம் வந்துவிட்டது. கென்னடி உயிரோடு இருந்திருந்தாலும், பொம்மை பங்கிடும் அதிபரைக் கண்டு 1970களில் எத்தனை பேர் சிரித்திருப்பார்கள்?

ஆயினும், இரசனை மாறியது என்று சொல்லி நாம் தப்பித்துவிட முடியாது. காலம் மாறினால் கலைஞனும் மாறலாம். ஆனால், மாறுவதற்கு அவனுக்கு நாம் இடம் தரவேண்டும். மீடருக்கு இசை தெரியும், எழுதத் தெரியும், வேறு விதமாகச் சிரிக்கவைக்கவும் ஆசை இருந்தது. அவரை ஒரே குரலுக்குள் பூட்டியவர்கள், முன்பு அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய அதே இரசிகர்கள்தாம்.

ஆகவே, பலகுரல் கலைஞரிடம் இன்னொரு நடிகரின் குரலைக் கேட்டு ஆர்ப்பரிக்கும் நாம், அவருடைய சொந்தக் குரலுக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்குவோமே! அது முதலில் சுவைக்காமல் போகலாம். கேட்கக் காதுகள் இருந்தால்தானே அக்குரல் வளரும்?